குழந்தை ஓர் அமானிதம்: அச்சமூட்டாமல் கற்பிப்போம்

 

கோவை கோட்டைமேட்டுச் சந்துகளில் மாலை நேரத்தில் நடந்து செல்பவர்களுக்குப் பழக்கமான காட்சி ஒன்றுண்டு. 5 வயதுப் பாலகன் ஒருவன் தலையில் தொப்பியும் கையில் ஓதும் கிதாபுமாக வாசற்படியில் நிற்பான். கால் முன்னே போகாது; கண் பின்னே பார்க்கும். உள்ளேயிருந்து தாயின் குரல் வரும்: "இப்போ ஓதப் போறியா, இல்லே அத்தா வந்ததும் சொல்லட்டுமா?" பிள்ளை விசும்பிக்கொண்டே தெருவில் இறங்குவான்.

இந்தப் பிள்ளை மதரஸாவுக்குத்தான் போகிறான். அல்லாஹ்வின் வேதத்தைத்தான் ஓதப் போகிறான். ஆனால் அவன் மனத்தில் இருப்பது என்ன? அத்தாவின் கையும் பிரம்பின் ஓசையும்தான். அன்பின் வடிவான அத்தாவைப் பூச்சாண்டியாக்கி, அருளின் வடிவான குர்ஆனைத் தண்டனையாக்கி விட்டோமே என்று அந்தத் தாய்க்குத் தோன்றுவதில்லை. அவள் பிள்ளையின் நன்மையைத்தான் நாடுகிறாள். நாடியது நன்மை, நடந்த வழிதான் பிசகு.

நாமும் ஓதப் போன காலத்தில், பிரம்புக்கு அஞ்சி "வயிறு வலிக்கிறது" என்று பொய் சொல்லிப் போர்வைக்குள் சுருண்டவர்கள்தாமே! மார்க்கம் கற்கப் போகும் வழியில் நாம் முதலில் கற்ற பாடம் பொய் சொல்வது என்றால், அந்தக் குற்றம் யாருடையது? இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அமானிதம் என்றால் என்ன?

அண்டை வீட்டார் ஊருக்குப் போகும்போது நகைப் பெட்டியை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றால், அதை எத்தனை பத்திரமாக வைத்திருப்போம்! ஒரு கீறல் விழுந்தாலும் பதறிப் போவோம். குழந்தையும் அப்படி ஒப்படைக்கப்பட்ட ஒன்றே. ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், குழந்தை பெற்றோரிடம் உள்ள அமானிதம் என்றும், அதன் தூய இதயம் விலை மதிக்கவொண்ணா மாணிக்கம் போன்றது என்றும் விளக்குகிறார்கள். அதே இடத்தில் இமாமவர்கள் சொல்லும் இன்னொரு கருத்து நம்மில் பலருக்குத் தெரியாது. மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிப்பிலேயே வாட்டினால் அதன் உள்ளம் மடிந்து போகும், அறிவு மங்கும், எப்படியாவது தப்பிக்க வழி தேடும் என்கிறார்கள். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் சொன்னது! 'டியூஷன்' முடிந்து இன்னொரு 'டியூஷனு'க்குப் பிள்ளைகளை ஓட்டுகிற நம் தலைமுறைக்கென்றே சொன்னது போலில்லையா?

வரலாற்று மேதை இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களும் 1377-ல் எழுதிய 'முகத்திமா'வில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். கடுமையால் வளர்க்கப்படும் சிறுவர் சோம்பலுக்கும் பொய்க்கும் சூதுக்கும் ஆளாவர். அடிக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டக் கற்றுக்கொள்வர். நாளடைவில் அதுவே அவர்தம் இயல்பாகிவிடும் என்பது அவர்களின் முடிவு. நாம் போர்வைக்குள் சுருண்ட கதை அதுதான்.

பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிக்கூடம்

உலகுக்கே ஆசானாக வந்த நபி (ஸல்) அவர்கள் சிறுவர்களிடம் நடந்துகொண்ட விதத்தைச் சில நிகழ்ச்சிகளால் பார்ப்போம்.

(1) அனஸ் (ரலி) அவர்கள் சுமார் 10 வயதில் பெருமானாரின் பணிவிடைக்கு வந்தவர்கள். 10 ஆண்டுகள் உடனிருந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் ஒரு தடவைகூடத் தம்மை 'சீ' என்று சொன்னதில்லை என்றும், செய்ததற்கு ஏன் செய்தாய் என்றோ செய்யாததற்கு ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்றும் அவர்களே அறிவிக்கிறார்கள். ஒரு நாள் ஒரு வேலைக்காக அனுப்பப்பட்ட அனஸ் (ரலி), கடைவீதியில் விளையாடும் பையன்களைக் கண்டு நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கிறார்கள். திரும்பினால், பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்த முகத்தோடு நிற்கிறார்கள்! செல்லமாக 'உனைஸ்' என்று அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். இதோ போகிறேன் என்று ஓடினார்கள் அனஸ் (ரலி). வேலையும் நடந்தது, பிள்ளையின் மனமும் நோகவில்லை.

(2) அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சின்னஞ்சிறு குருவி வளர்த்து வந்தார். அது இறந்துவிட்டது. பெரியவர்களுக்கு அது ஒரு குருவி. அந்தப் பிள்ளைக்கோ அதுவே பெருந்துக்கம். முழு அரபகத்தின் பொறுப்பையும் தோளில் சுமந்த பெருமானார் (ஸல்) அவர்கள், அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பிக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். நம் பிள்ளையின் பட்டம் அறுந்து போனால், பம்பரம் உடைந்து போனால், நாம் என்ன சொல்கிறோம்? "சனியன் தொலைஞ்சது, போய்ப் படி" என்கிறோம்!

(3) உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்கள் சிறுவராகப் பெருமானாரின் வீட்டில் வளர்ந்தவர்கள். உண்ணும்போது அவர்களுடைய கை தட்டு முழுவதும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயர் சொல், வலக்கையால் உண், உனக்கு முன்னால் இருப்பதை உண் என்று மூன்றே செய்திகளைப் பெருமானார் கற்பித்தார்கள். கையைத் தட்டிவிடவில்லை, பிறர் முன் குறை கூறவில்லை. அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அந்த ஸஹாபி பிற்காலத்தில் கூறினார்கள். ஒரு சிறு பாடம் ஆயுளுக்கும் நிலைத்தது. நாம் ஒரே பாடத்தைத் தினமும் மூன்று வேளை கத்துகிறோம். மறுநாளே காற்றோடு போய்விடுகிறது. ஏன் என்று யோசித்தோமா?

(4) ஒரு தாய் தம் மகனை, வா, ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். என்ன கொடுக்க எண்ணினீர் என்று பெருமானார் (ஸல்) வினவ, பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யென உம்மீது எழுதப்பட்டிருக்கும் என எச்சரித்தார்கள். பிள்ளையிடம் சொல்லும் பொய்யும் பொய்தான். 'ஊசி போட மாட்டாங்க கண்ணு' என்று ஏமாற்றி மருத்துவரிடம் கூட்டிச் செல்லும் நாம், பிள்ளை நம்மை நம்ப வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

(5) தொழுகையில்கூடப் பிள்ளைகளின் மனத்தை மறவாதவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள். ஸஜ்தாவுக்குப் போகையில் இறக்கி வைத்து, எழுந்ததும் தூக்கிக்கொண்டார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் வாடுமே என்று தொழுகையைச் சுருக்கினார்கள். ஸஜ்தாவில் பேரப்பிள்ளை முதுகில் ஏறியமர்ந்தபோது, அதன் ஆசை தீரட்டும் என்று ஸஜ்தாவை நீட்டினார்கள். இன்று நம் பள்ளிவாசல்களில் ஒரு சிறுவன் ஸஃப்பில் சற்று அசைந்தால் நாலாபுறமும் அதட்டல் கேட்கிறது. பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட சிறுவன், வாலிபனான பின் பள்ளிக்கு வரவில்லையே என்று நாமே அங்கலாய்க்கிறோம்!

ஏழும் பத்தும்

"அப்படியானால், 10 வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்று ஹதீஸ் இருக்கிறதே!" என்று கேட்போர் உண்டு. அபூதாவூதில் பதிவான அந்த ஹதீஸை நாம் மறுக்கவில்லை. முழுமையாகப் படியுங்கள் என்கிறோம்.

7 வயதில் தொழுகையை ஏவச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆக, 7 வயது வரை அதட்டலுக்கே இடமில்லை. பார்த்துப் பழகும் பருவம் அது. பாட்டனார் தொழும்போது பக்கத்தில் தொப்பி மாட்டிக்கொண்டு, ருகூவுக்கு முன்பே ஸஜ்தாவில் விழும் பேரனைப் பார்த்திருக்கிறோமல்லவா? அவன் கற்றுக்கொண்டிருக்கிறான்! அவனைத் திருத்த வேண்டாம்; தொழ விடுங்கள். 7 முதல் 10 வரை 3 ஆண்டுகள். நாளொன்றுக்கு 5 வக்து என்றால், 5,000-க்கும் மேற்பட்ட தடவை அன்போடு அழைக்க நமக்கு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த 5,000 தடவை அழைத்தோம்? 'எழுந்திரு கண்ணு, நாம் சேர்ந்து தொழுவோம்' என்று எத்தனை சுப்ஹுக்கு எழுப்பினோம்? அந்த 5,000-ஐயும் விட்டுவிட்டு நேரே பிரம்புக்குத் தாவுவது ஹதீஸைப் பின்பற்றுவதாகுமா?

அதற்குப் பின்னரும் சட்ட வல்லுநர்களான இமாம்கள் கடும் வரம்புகள் விதித்திருக்கிறார்கள். காயம் படக்கூடாது; முகத்தில் கூடாது. ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில், கையால் மட்டுமே, கோலால் அன்று, மூன்றுக்கு மேல் கூடாது என்றே காண்கிறோம். கோபம் தீர அடிப்பதற்கு ஷரீஅத்தில் எங்கும் அனுமதி இல்லை. அறப்போரில் தவிர, பெண்ணையோ பணியாளரையோ வேறு எவரையுமோ பெருமானார் (ஸல்) தம் கையால் அடித்ததே இல்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி சொல்கிறார்கள். அடிக்காமலேயே பிள்ளைகளை ஆளாக்கியவர்களைப் பின்பற்றுவதல்லவா ஸுன்னத்து?

நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பள்ளியில் ஆசிரியர் ஓங்கக் கூடாத கையை, வீட்டில் நாம் ஓங்குவானேன்?

பள்ளியே வேண்டாமா?

குழந்தையை நம்பி, அதன் போக்கில் கற்க விட வேண்டும் என்ற கருத்து வெளியுலகிலும் வளர்ந்திருக்கிறது. அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட், அச்சமே பிள்ளைகளின் கல்வியைக் கெடுக்கிறது என்று 1964-ல் ஒரு நூலில் எழுதினார். 1977-ல் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்ப்போருக்கென ஒரு பத்திரிகையும் தொடங்கினார். நம் நாட்டிலும் அம்முறையில் பிள்ளைகளை வளர்ப்போர் சிலர் இருக்கின்றனர். தருமபுரி மாவட்டம் நாகர்கூடலில், 'புவிதம்' என்ற பெயரில், மண்ணோடும் கைவேலையோடும் இணைந்து குழந்தைகள் கற்கும் இடம் ஒன்று நடந்து வருகிறது. தமிழக அரசுப் பள்ளிகளிலும், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-ல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு படியேறிச் செல்ல வழி செய்தது.

நம் ஊர் மேதை ஜி.டி. நாயுடு அவர்களை அறியாதவர் கோவையில் இல்லை. 1893-ல் கலங்கலில் பிறந்த அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஆரம்பப் படிப்போடு நின்றுவிட்டார். ஆனால் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை வாங்கிப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். பின்னாளில் தொழிற்கல்விக் கூடங்கள் நிறுவத் துணை நின்று, 4 ஆண்டுப் படிப்பைக் குறைத்துச் செய்முறையைக் கூட்ட வேண்டும் என்று வாதிட்டார். ஆர்வம் உள்ள பிள்ளைக்கு உலகமே பள்ளிக்கூடம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

ஏன், நம் வீட்டிலேயே சான்று இருக்கிறதே! உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் வீட்டில் உருதுவும் தெருவில் தமிழுமாக இரண்டு மொழி பேசும் 4 வயதுக் குழந்தைகளைப் பார்க்கிறோம். எந்த ஆசிரியர் கற்பித்தார்? எந்தப் பிரம்பு கற்பித்தது? மடியில் அமர்த்திப் பேசியதால் வந்த கல்வி அது.

ஆனால் இங்கே நாம் ஒரு கடும் எச்சரிக்கை செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். 'பள்ளி இல்லாமலும் படிக்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதும், ஆண் பிள்ளையைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ விசைத்தறிக்கோ பட்டறைக்கோ அனுப்புவதும் மாபெரும் அநீதி. அது பிள்ளையை நம்புவது அன்று. பிள்ளையின் உரிமையைப் பறிப்பது. கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று மார்க்கம் போதிக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது. 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிலில் ஈடுபடுத்துவதை 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் தடுக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் படிப்பு இடையில் நின்ற பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் மூலம் 14 வயது நிரம்பியவர் 10-ஆம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்து படிக்கலாம். நாயுடு அவர்கள்கூடத் தாம் படிக்காததைப் பெருமையாக்கிக் கல்வியைத் தடுக்கவில்லை. பிறருக்குக் கல்விக்கூடம் கண்டார் என்பதை மறந்துவிடலாகாது.

எனவே நம் முடிவு இது. 6 வயதுக்குக் கீழுள்ள பச்சைப் பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் பாட்டுப் பாடுகிறது என்பதற்காக 3 வயதிலேயே வாட்ட ஷரீஅத்தும் சொல்லவில்லை, சட்டமும் வற்புறுத்தவில்லை. அது மடியிலும் முற்றத்திலும் கற்கட்டும். 6 வயதுக்குப் பின் பள்ளியும் மதரஸாவும் உண்டு. ஆனால் வீடு இன்னொரு பள்ளியாகி அதை விரட்டக் கூடாது. எங்கே படித்தாலும் அச்சமின்றிப் படிக்கட்டும்.

குர்ஆன் காட்டும் தந்தையர்

ஸூரத்துல் லுக்மானில் லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்கு உபதேசிக்கும்போது, 'என் அருமைச் சிறு மகனே' என்ற பொருள்படும் 'யா புனய்ய' என்ற செல்ல விளியை மூன்று தடவை காண்கிறோம். இணை வைக்காதே என்று கட்டளையிட்டதோடு நிற்காமல், ஏன் கூடாது என்ற காரணத்தையும் சொல்கிறார்கள். ஸூரத்து யூசுஃபிலோ, சின்னஞ்சிறு யூசுஃப் (அலை) தாம் கண்ட கனவை ஓடோடி வந்து தந்தையிடம் சொல்கிறார்கள். யஃகூப் (அலை) அவர்கள் சிரித்துத் தள்ளவில்லை. கேட்டார்கள், அதே செல்ல விளியால் அழைத்தார்கள், பின் அறிவுரை சொன்னார்கள்.

நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நம் பிள்ளை தன் கனவை நம்மிடம் சொல்லுமா? தான் உடைத்த கண்ணாடியை, வாங்கிய குறைந்த மதிப்பெண்ணை, வெளியில் யாரோ தன்னிடம் தவறாக நடந்ததை அஞ்சாமல் நம்மிடம் சொல்லுமா? அடிக்குப் பயந்து வாய்மூடிய பிள்ளை, ஆபத்திலும் வாய் திறக்காது. அடி வாங்கிக் கொடுக்கும் விலை இதுதான்.

வீட்டில் செய்து பார்க்க

1. இன்று முதல் 'அத்தாகிட்டே சொல்லிடுவேன்', 'ஹளரத்துகிட்டே சொல்லிடுவேன்' என்று மிரட்டுவதை நிறுத்துவோம்.
2. மதரஸாவிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் 'எத்தனை பாடம் ஆச்சு?' என்பதற்கு முன், 'இன்னைக்கு என்ன நடந்துச்சு கண்ணு?' என்று கேட்போம். அது சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதிருப்போம்.
3. கொடுக்க முடியாததைத் தருவதாகச் சொல்ல மாட்டோம்; சொன்னதைக் கொடுத்தே தீருவோம்.
4. கோபம் வந்தால் நபிவழிப்படி நின்றிருப்பவர் உட்காருவோம். உட்கார்ந்தும் தணியாவிட்டால் படுப்போம். ஒளூச் செய்து வருவோம். அதற்குள் கை இறங்கிவிடும்.
5. தவறாக அடித்துவிட்டால், பிள்ளையிடம் வருத்தம் தெரிவிக்க வெட்கப்பட வேண்டாம். மன்னிப்புக் கேட்கும் பண்பை அது வேறு யாரிடம் கற்கும்?

அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பவர், தமக்கு 10 பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்னபோது, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) பதிலளித்தார்கள். நாளை முதுமையில் நம் கை நடுங்கும்போது, அதைப் பிடிக்கப் போவது இன்று நம் விரலைப் பிடித்து நடக்கும் இந்தப் பிஞ்சுக் கைதான். சிறு வயதில் வளர்த்ததைப் போல் பெற்றோருக்கு அருள் புரிவாயாக என்று பிள்ளைகள் இறைஞ்சக் குர்ஆன் கற்பிக்கிறது. அந்த துஆவைப் பிள்ளைகள் மனமாரக் கேட்கும்படி வளர்ப்பது நம் பொறுப்பல்லவா?

வல்ல ரஹ்மான் நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக்கி, அவன் ஒப்படைத்த அமானிதத்தைக் கீறலின்றித் திருப்பி ஒப்படைக்கும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.